பதினைந்து குச்சியில் ஒரு நட்சத்திரம்

ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் காட்டுப்பள்ளி வரை நீளும் வடசென்னைத் துறைமுகக் கரையில் கிறிஸ்துமஸ் கையால் செய்யப்படும் பண்டிகை. நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வரும்போதே மூங்கில் சீவ ஆரம்பித்துவிடுவார்கள். ஜனவரி 6ஆம் தேதி மூன்று அரசர்கள் திருநாள் முடிந்து, குடில் சுரூபங்களைச் செய்தித்தாளில் சுற்றி வைக்கும்வரை ஏதாவது ஒரு கைவேலை நடந்துகொண்டே இருக்கும். ஸ்டார் கட்டுவது, குடில் போடுவது, பலகாரம் சுடுவது, கேரல் பழகுவது, வாசலில் வண்ணக் கோலம் இடுவது என்று எல்லாமே ஷிப்டு முடிந்து வந்தபின், பிள்ளைகள் பாடம் முடித்தபின் கைவைக்கிற வேலைகள். கூலி கிடையாது. கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடமும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகுவதுதான்.

இந்த வேலைகளுக்குப் பொதுவாக ஒரு குணம் உண்டு. ஒற்றை ஆளாகச் செய்தால் பாதியில் நின்றுபோகும். குச்சியை ஒருவர் பிடித்தால்தான் இன்னொருவர் கட்ட முடியும். மாவை ஒருவர் பிசைந்தால் ஐந்து பேர் உருட்ட வேண்டும். பாட்டுக்கு நாலு குரல் வேண்டும். அந்த இரண்டாவது கை பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் கையாக இருக்கும். வடசென்னையின் ஒட்டிய சுவர்களும் குறுகிய சந்துகளும் பொதுக் குழாயடியும் அதற்கு வசதி செய்து கொடுக்கின்றன. டிசம்பரில் இங்கே சிநேகிதம் வளர்வதற்குப் பண்டிகை உணர்வு ஒரு காரணம் என்றால், இந்த வேலைகளின் அமைப்பு அதைவிடப் பெரிய காரணம்.

படகுக்காரர்கள் கட்டிய கோயில்

இயேசுவின் முதன்மைச் சீடரான மீனவர் பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் ராயப்பர் என்று அழைப்பது பழைய வழக்கு. ராயபுரத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவரே என்பது ஊரார் சொல். அவர் பெயரிலான ஆலயத்தை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியவர்கள் படகுக்காரர்கள். அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, மசூலா படகுகள் அலையைக் கிழித்துப் போய் ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவரும். அந்தப் படகுக்கு ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு கரையில் மோதினால் பிளக்கும். தைத்த படகு நெகிழ்ந்து கொடுத்துத் தாங்கும். கயிற்றையும் முடிச்சையும் நம்பிப் பிழைத்த மக்களின் ஊர் இது. அந்த ஊரில் பின்னாளில் மூங்கிலையும் நூலையும் கொண்டு செய்யும் கலை வேரூன்றியது பொருத்தமாகவே இருக்கிறது.

1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. ரயில்வே வேலையை ஒட்டி ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இப்பகுதியில் குடியேறின. கேக், வால்ட்ஸ் நடனம், கிட்டார், குரோஷா பின்னல் எல்லாம் அவர்களோடு தெருவுக்கு வந்தன. பார்சிகள் 1910இல் ராயபுரத்தில் தங்கள் நெருப்புக் கோயிலைக் கட்டினார்கள். 1946இல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார். பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊதித் தொங்கவிடும் அதே பலூன்தான். அந்தக் கொட்டகையே பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாக வளர்ந்தது. எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் வந்தபின் பிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் என்று கைத்தொழில் தெரிந்த ஆட்கள் தெருத்தெருவாக நிறைந்தார்கள். பகலில் ஆலையில் பழகிய கை ராத்திரியில் குடிலுக்குள் தண்ணீர்ச் சக்கரம் சுற்ற வைத்தது.

கூட்டை விரித்தல்

காகித நட்சத்திரத்தை இங்கே யாரும் நட்சத்திரம் என்று சொல்வதில்லை, ஸ்டார்தான். ஐந்து முனை ஸ்டாருக்குப் பதினைந்து குச்சிகள் வேண்டும்: ஒரே அளவில் பத்து நீளக் குச்சிகள், ஒரு சாணுக்கும் குறைவாக ஐந்து சின்னக் குச்சிகள். மூங்கிலைப் பிளந்து சீவும்போது கணுவைக் கவனிக்க வேண்டும். கணு தடித்திருந்தால் அந்த இடத்தில் குச்சி வளையாது. அளவுக்கு மீறிச் சீவினால் அங்கேயே முறியும். நகத்தால் தடவிப் பார்த்து மேடு தட்டாதவரை சீவுவார்கள்.

ஐந்து நீளக் குச்சிகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொரு குச்சியும் ஒன்றின் மேலாகவும் இன்னொன்றின் கீழாகவும் போகும்படி நுழைத்தால் ஐந்து முனைகளும் நடுவே ஐந்து சந்திப்புகளும் கொண்ட வடிவம் கிடைக்கும். மேலும் கீழுமாகப் பின்னியிருப்பதால் கட்டுவதற்கு முன்பே அது ஓரளவு தானாக நிற்கும். சந்திப்புகளில் நூல் சுற்றி இறுக்கிவிட்டால் ஒரு சட்டம் தயார். அதே போல இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்ட வேண்டும். இதுவரை அது ஒரு தட்டைப் பொருள்.

அதற்கு வயிறு கொடுப்பவை அந்த ஐந்து சின்னக் குச்சிகள். முன் சட்டத்தின் உள் சந்திப்புக்கும் பின் சட்டத்தின் உள் சந்திப்புக்கும் நடுவே ஒவ்வொன்றையும் நிறுத்த, கூடு புடைத்துக்கொண்டு எழும்பும். முதல் குச்சி சுலபமாக நிற்கும். நாலாவதும் ஐந்தாவதும் வைக்கும்போது மூங்கில் எதிர்த்துத் தள்ளும். ஒருவர் இரண்டு கைகளாலும் சட்டங்களை விரித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் குச்சியை நிறுத்திச் சட்டென்று நூல் சுற்ற வேண்டும். பிடித்தவர் கொஞ்சம் அசந்தால் குச்சி தெறித்து ஓடும். தெருவில் இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் குனிந்திருந்தால் ஐந்தாவது குச்சிக்கு வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பிறகு காகிதம். மொத்தம் 22 துண்டுகள்: முன்னும் பின்னுமாக நடுவில் இரண்டு ஐங்கோணங்கள், முனைகளுக்குப் பத்து அகல முக்கோணங்கள், பக்கவாட்டுக்குப் பத்து ஒடுங்கிய முக்கோணங்கள். மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசைதான் ஒட்டுவதற்கு. கரப்பான் அரிக்காமலிருக்க அதில் துளி மயில்துத்தம் சேர்ப்பவர்கள் உண்டு. பசை ஈரத்தில் காகிதம் தொய்ந்திருக்கும். காய்ந்தால் தானாக இழுத்துக்கொண்டு பறை போல விறைக்கும். ஆகவே ஒட்டும்போதே இழுத்து ஒட்டுவது தவறு, காயும்போது கிழிந்துவிடும். ஒரு பக்க முக்கோணத்தை மட்டும் ஒட்டாமல் விடுவார்கள், ஹோல்டரும் பல்பும் உள்ளே போவதற்கு. பழைய குண்டு பல்பு சூட்டில் காகிதம் பழுத்துப்போகும். எல்.இ.டி. வந்தபின் அந்தக் கவலை போயிற்று. மழைக் கவலை மட்டும் போகவில்லை. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் நடுவரை பிடித்து நிற்கும் ஊரில் காகித ஸ்டார் தாழ்வாரத்துக்குள்தான் தொங்க முடியும். மொட்டை மாடியில் கட்ட வேண்டுமென்றால் கண்ணாடித் தாள் ஒட்டுவார்கள், அல்லது மேலே பாலித்தீன் சுற்றுவார்கள்.

இந்த வித்தை வடசென்னைக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. காத்தாடி கட்டத் தெரிந்த ஊர் இது. மூங்கில் குச்சியை எவ்வளவு சீவினால் வளையும், தாளை எங்கே மடித்து ஒட்டினால் கிழியாது என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு விளையாட்டிலேயே தெரியும். ஆகவே தெருவில் நல்ல ஸ்டார் கட்டுகிறவர் கிறிஸ்தவராகத்தான் இருப்பார் என்றில்லை. காத்தாடிக்குப் பேர் போனவர் யாரோ, அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் குச்சிகள் போகும்.

காகித நட்சத்திரத்துக்குக் கடல் தாண்டியும் ஒரு கதை உண்டு. ஜெர்மனியில் மொராவிய சபை என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் நடத்திய நீஸ்கி நகரின் விடுதிப் பள்ளியில் 1830களில் காகித நட்சத்திரம் வடிவியல் பாடமாகச் செய்யப்பட்டது. உலகம் முழுவதும் இன்று கிறிஸ்துமஸுக்குத் தொங்கும் பல முனை விளக்குகளின் முன்னோடி அது. அதே சபையினர் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1803இல் திரும்பிப் போனவர்கள். நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே அவர்கள் தமிழ்நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். 25 முனை, 26 முனை என்று கூர்கூராக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஜெர்மன் வடிவத்துக்கும் நம் ஐந்து முனை ஸ்டாருக்கும் செய்முறையில் ஒட்டு உறவு இல்லை. அங்கே காகிதக் கூம்புகளை ஒட்டிச் சேர்ப்பார்கள், இங்கே மூங்கில் எலும்பின்மேல் தோல் போர்த்துவார்கள்.

கேழ்வரகுப் புல்

மாட்டுத்தொழுவத்தில் பிறந்த பாலனைக் காட்சியாக அமைக்கும் வழக்கத்தை 1223ஆம் ஆண்டு கிறிஸ்துமஸில் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் தொடங்கினார். அவர் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தினார். எட்டு நூற்றாண்டு கழித்து அது வடசென்னையில் தகர ஷீட்டும் சாக்கும் வைக்கோலும் கொண்டு எழும்புகிறது.

குடில் வேலையில் முதலில் தொடங்குவது புல். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்பு கேழ்வரகை ஊறவைத்து, தாம்பாளத்திலோ பழைய ட்ரேயிலோ மண் பரப்பித் தூவி, ஈரத்துணி போட்டு மூடி நிழலில் வைப்பார்கள். மூன்றாம் நாள் வெள்ளை முளை தலைகாட்டும். அப்போது துணியை எடுத்துக் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் புல் வெளுத்து, நெடுநெடுவென்று ஒல்லியாக வளர்ந்து சாய்ந்துவிடும். தண்ணீர் தெளிக்கும் வேலை வீட்டின் கடைசிப் பிள்ளைக்கு. அம்மன் கோயில் முளைப்பாரி போட்டுப் பழகிய பக்கத்து வீட்டுப் பாட்டியிடம்தான் இந்த யோசனைகளைக் கேட்டுக்கொள்வார்கள். ஒரே வித்தை, இரண்டு சாமிக்கு. 24ஆம் தேதி சாயங்காலம் விரலளவு நிற்கும் அந்தப் பச்சையைக் கத்தியால் பாளம் பாளமாக அறுத்துக் குடிலுக்குள் பதிப்பார்கள். ஆடும் இடையனும் நிற்பது அதன்மேல்.

சுரூபங்களுக்கும் அப்படி ஓர் உறவு உண்டு. மாதா, சூசையப்பர் (யோசேப்பு), சம்மனசு (தேவதூதர்), இடையர்கள், மூன்று அரசர்கள் எல்லாம் பண்ருட்டி, கடலூர் வட்டாரத்துப் பொம்மைக் கலைஞர்களிடமிருந்தும் வருகின்றன. நவராத்திரிக் கொலுவுக்குச் செட்டியார் பொம்மையும் தசாவதாரமும் வார்த்த கைகள் அடுத்த இரண்டு மாதத்தில் குடில் செட்டுக்கு மாறும். கொலுவைக் கூர்ந்து பார்த்தவர்களுக்குக் குடில் அந்நியமாகத் தெரியாததற்குக் காரணம் அந்த முகங்களின் வார்ப்பாகவே இருக்கலாம்: அதே அகலக் கண், அதே ரோஸ் நிறக் கன்னம்.

பாறைக்குச் சாக்கு. கோணிப்பையைக் களிமண் கூழிலோ சிமென்ட் பாலிலோ முக்கி, கம்பிச் சட்டத்தின்மேல் கசக்கிப் போட்டுக் காயவிட்டால் குகை வந்துவிடும். அதன்மேல் கறுப்பும் பழுப்பும் தெளித்தால் முடிந்தது. அன்பியம் என்று அழைக்கப்படும் தெருக் குழுக்கள் கத்தோலிக்கப் பங்குகளில் உண்டு; குடில் போட்டி நடக்கும் இடங்களில் அவைதான் போட்டியாளர்கள். பரிசு ஒரு குக்கராகவோ சுவர்க் கடிகாரமாகவோ இருக்கலாம். வேலை என்னவோ பெரிய விருதுக்கு நடப்பது போல நடக்கும். பம்பு வைத்து அருவி விழும். மோட்டார் வைத்து ஏற்றம் இறைக்கும். பெத்லகேம் ஊருக்குள் ஒரு கலங்கரை விளக்கமும் கரையில் சாய்த்த கட்டுமரமும் வந்து சேர்ந்தால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. தச்சரின் மகன் பிறந்ததை உழைப்பாளிகளின் ஊர் தன் ஊராகவே கட்டிக்காட்டுகிறது. பாலன் சுரூபத்தை மட்டும் வைக்காமல் தீவனத்தொட்டியைக் காலியாக விட்டிருப்பார்கள். நடுராத்திரிப் பூசையில்தான் பாலன் வருவார்.

அச்சும் சீப்பும்

கிறிஸ்துமஸ் அடுப்பில் பழகக் கடினமானது அச்சு முறுக்கு. அரிசி மாவு, மைதா, சர்க்கரை, முட்டை, தேங்காய்ப்பால் சேர்த்துத் தோசை மாவுக்கும் இளக்கமாகக் கரைத்த மாவு. பூ வடிவ அச்சு நீளக் காம்பின் நுனியில் இருக்கும். அதை முதலில் கொதிக்கும் எண்ணெயிலேயே வைத்துச் சூடேற்ற வேண்டும். சூடான அச்சை மாவில் முக்கும்போது முக்கால் பங்குதான் முங்கலாம். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் பூ அச்சைக் கவ்விக்கொண்டு கழலாது. சரியாக முக்கிய அச்சை எண்ணெயில் விட்டதும் மாவு சிலிர்க்கும். லேசாக உதறினால் பூ கழன்று மிதக்கும். புது அச்சு முதல் நாள் ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும் என்பதால் முந்தின ராத்திரியே எண்ணெயில் ஊறவைத்துப் பழக்குவார்கள். நன்றாகப் பழகிய அச்சு ஒரு தெருவில் ஒன்றிரண்டு வீட்டில்தான் இருக்கும். டிசம்பர் 15க்கு மேல் அது அந்த வீட்டில் தங்காது. நாலைந்து அடுப்பைச் சுற்றி வந்துதான் திரும்பும்.

கல்கல் என்ற பலகாரம் இதற்கு நேர் எதிர். திறமை குறைவு, பொறுமை அதிகம். இனிப்பு மாவை நெல்லிக்காயைவிடச் சின்னதாகக் கிள்ளி, புதுச் சீப்பின் பற்கள்மேலோ முள்கரண்டியின் முதுகிலோ அழுத்திச் சுருட்டினால் வரிவரியாகச் சோழி போல வரும். ஒரு கிலோ மாவுக்கு நூற்றுக்கணக்கில் சுருட்ட வேண்டும். தனியாக உட்கார்ந்தால் ராத்திரி முழுவதும் ஓடிவிடும். ஆகவே பாயை விரித்து ஆளுக்கொரு சீப்பு கொடுத்து வட்டமாக உட்கார வைப்பார்கள். கை வேலை செய்யும், வாயும் சும்மா இருக்காது. ஒரு வருஷப் பேச்சு அந்தப் பாயில் தீரும். மாமியார் பேச்சு, கடன் பேச்சு, பெண்ணுக்கு வரன் பார்க்கிற பேச்சு எல்லாம் அங்கேதான். பக்கத்து வீட்டு மார்கழிக் கோலக்காரப் பெண்ணும், எதிரே இருக்கும் முஸ்லிம் வீட்டு அக்காவும் இல்லாமல் அந்த வட்டம் நிறைவதில்லை. பண்டிகையன்று தட்டு மாற்றுவதும் இந்தக் கணக்கில்தான். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் வந்த தட்டு வெறுந்தட்டாகத் திரும்பிப் போகக் கூடாது.

கேக்குக்கு வேறு வழி. உலர்திராட்சையும் டூட்டி ஃப்ரூட்டியும் முந்திரியும் வாரக்கணக்கில் ரம்மிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறும். சர்க்கரையைக் கருகும் தறுவாய்வரை காய்ச்சித் தண்ணீர் ஊற்றிய பாகுதான் கேக்குக்கு நிறம். இந்தியக் கிறிஸ்துமஸ் கேக்கின் கதை 1883இல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு சுட்ட பிளம் கேக்கிலிருந்து சொல்லப்படுகிறது. வீட்டில் ஓவன் இல்லாத காலத்தில் கரைத்த மாவைத் தகர டின்களில் ஊற்றித் தெருமுனை பேக்கரிக்குத் தூக்கிப் போவது வழக்கமாக இருந்தது. இன்னமும் சில இடங்களில் உண்டு. ரொட்டி வேலை முடிந்து தணிந்து வரும் விறகு அடுப்பின் சூடு பழக் கேக்குக்கு வாகானது. டின்னின் மேல் பெயர் எழுதிய காகிதம் ஒட்டி, வரிசையில் உட்கார்ந்து காத்திருப்பவர்களுக்குள் வருஷா வருஷம் பழக்கம் புதுப்பிக்கப்படும். 1947க்குப் பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் அலையலையாகப் போய்விட்டன. செய்முறை பக்கத்து வீடுகளில் தங்கிவிட்டது.

ஊசி வேலை, வாழ்த்து அட்டை, பாட்டு

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவப் பெண்களின் ஊசி வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசா, பிஷப் கால்டுவெல்லின் மனைவியாக இடையன்குடியில் அதைத் தொடர்ந்தார். வீட்டுக்குள் அடைந்திருந்த பெண்களுக்குச் சொந்தக் காசு தந்த கலை அது. துறைமுகப் பகுதியில் அது குரோஷா மேசைவிரிப்பாகவும் பீடத் துணியாகவும் பொழுதுபோக்காகத் தங்கியது. வாழ்த்து அட்டையின் கதை சின்னது. லண்டனில் 1843இல் ஹென்றி கோல் முதல் அட்டையை அச்சிட வைத்தார். இங்கே பள்ளிப் பிள்ளைகள் சார்ட் அட்டையை வெட்டிப் பஞ்சால் பனி ஒட்டி, பனியே பார்க்காத ஊரிலிருந்து சிநேகிதிகளுக்குக் கொடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் படம் வந்து விழுகிறது. கையால் செய்த அட்டையை இருபது வருஷம் பெட்டியில் வைத்திருப்பவர்கள் உண்டு. அனுப்பிய படத்தை அடுத்த வாரம் யாரும் தேடுவதில்லை.

கேரல் அப்படித் தேயவில்லை. டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து இளைஞர் குழு, பாடகர் குழு, மறைக்கல்விப் பிள்ளைகள் என்று ராத்திரிதோறும் வீடு வீடாகப் பாடிப் போவார்கள். கீத பவனி என்பது சபைப் பெயர், ஊர்ப் பேச்சில் கேரல் ரவுண்ட்ஸ். கிட்டார், டிரம், டாம்பரின், முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா, உண்டியல், மிட்டாய்ப் பை. தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றும் ஒரே தெருவில் பாட வேண்டியிருக்கும். தமிழ்ப் பாட்டுக்குத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) போட்ட வழி அகலமானது. பெத்லகேமைக் குறவஞ்சியாகவே பாடிய கவிஞர் அவர், கர்நாடக ராகத்தில் கிறிஸ்துவைப் பாடுவது அவரால் இயல்பானது. வடசென்னைப் பிள்ளைகள் அதன்மேல் கானா தாளத்தையும் ஏற்றிவிட்டார்கள். இரண்டு வார ஒத்திகையில் குரல் சரியாகிறதோ இல்லையோ, யார் வீட்டில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார், எந்தப் பாட்டிக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்பதெல்லாம் பதினேழு வயசுப் பையனுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதே நாட்களில் மார்கழியும் பிறந்துவிடும். விடியலில் ஒரு வாசலில் பூசணிப்பூ வைத்த புள்ளிக் கோலம், அடுத்த வாசலில் மணி, மெழுகுவர்த்தி, நட்சத்திரம் வரைந்த வண்ணப்பொடிக் கோலம். இரண்டையும் போட்டது ஒரே கையாக இருப்பது சகஜம்.

கப்பலில் தொங்கும் விளக்கு

எண்ணூர் கழிமுகத்துக்கு வடக்கே, மேற்கில் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கிழக்கில் கடலுமாக நடுவில் நீண்டு கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. அனல்மின் நிலையங்களும், 2001இல் செயல்பாட்டுக்கு வந்த எண்ணூர்த் துறைமுகமும் (இப்போது காமராஜர் துறைமுகம்) தெற்கே. 2010இல் இங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. மீன்பிடி கிராமமாக இருந்த இடம் கண்டெய்னர் கிரேன்களின் ஊரானது.

இந்தத் திட்டுக்குக் கிறிஸ்துமஸ் இரண்டு திசையிலிருந்து வருகிறது. வடக்கே பழவேற்காட்டில் போர்ச்சுகீசியர் 1515இல் தொடங்கிய மகிமை மாதா ஆலயம் இருக்கிறது. அதே பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பனையோலையில் வண்ணக் கூடைகளும் பெட்டிகளும் முடைகிறார்கள். பலகாரத்தைக் கொடுத்தனுப்ப பிளாஸ்டிக் டப்பாவைவிட அந்த ஓலைப்பெட்டி பல மடங்கு அழகு. டிசம்பரில் அதைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் நல்ல காரியம் செய்கிறார்கள்.

இன்னொரு திசை கடல். உலகச் சரக்குக் கப்பல்களில் பிலிப்பைன்ஸ் மாலுமிகளும் இந்திய மாலுமிகளும் ஏராளம். ஒப்பந்தம் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதம். கண்டெய்னர் கப்பல் ஒரு துறைமுகத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் நிற்கும். கிறிஸ்துமஸ் ராத்திரி எந்தக் கரையில் வருமென்று அட்டவணைக்குத்தான் தெரியும். பிலிப்பைன்ஸில் டிசம்பர் 16இல் தொடங்கி ஒன்பது நாள் விடியலுக்கு முன் பூசை உண்டு. தமிழ்நாட்டில் மார்கழி பிறக்கும் அதே நாட்கள். அந்த மக்களின் கிறிஸ்துமஸ் அடையாளம் பரோல் என்கிற விளக்கு. மூங்கில் சட்டம், மெல்லிய தாள், ஐந்து முனை, உள்ளே வெளிச்சம். விளக்கைக் குறிக்கும் ஃபரோல் என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர். ராயபுரத்துத் திண்ணையில் கட்டுகிற அதே கூடுதான் அது. கடலின் இரு கரையிலும் மூங்கில் விளையும் நாட்டு மக்கள் ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள். கப்பலில் மூங்கில் கிடைக்காது. கிடைத்த கம்பியும் அட்டையும் வைத்துச் செய்து மெஸ் அறையில் தொங்கவிடுவார்கள்.

மாலுமிகளைப் பார்க்கப் போவதற்கென்றே அமைப்புகள் உண்டு. 1856இல், ராயபுரத்தில் ரயில் ஓடத் தொடங்கிய அதே ஆண்டில், இங்கிலாந்தில் அமைந்த மிஷன் டு சீஃபேரர்ஸ் சென்னையிலும் இயங்குகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் ஸ்டெல்லா மாரிஸ் பணி 1920இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. இப்படிப்பட்ட அமைப்பினர் துறைமுகங்களில் கப்பலேறி வந்து சிம் கார்டு, இனிப்பு, சின்னப் பரிசுப் பொட்டலம் கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். நியூயார்க்கில் 1898 முதல் நடக்கும் ‘கிறிஸ்துமஸ் அட் சீ’ திட்டத்தில் முகம் தெரியாத மாலுமிக்காகத் தொண்டர்கள் வீட்டிலிருந்தபடியே கம்பளித் தொப்பியும் மப்ளரும் பின்னி அனுப்புகிறார்கள். ஒன்றேகால் நூற்றாண்டாக நிற்காத பின்னல் அது. பொழுதுபோக்கு என்ற சொல் அந்த வேலைக்குப் போதாது.

டிசம்பர் தண்ணீர்

இந்தக் கரைக்கு டிசம்பர் பயமும் தரும் மாதம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆழிப்பேரலை வந்தது. கட்டிய ஸ்டார்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த நாள் அது. 2015 டிசம்பரில் வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா புயல். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் இறங்கியது. படகும் வலையும் கறுத்துப்போயின. மீனவர்களே வாளியும் கையுமாக அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, குப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார்கள். பண்டிகை மாதத்தில் இந்த மக்களுக்கு இப்படி நேர்வதை இயற்கையின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது.

2015 வெள்ளத்தில் சென்னையெங்கும் தேவாலயம், மசூதி, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் சோறு பொங்கும் இடங்களாயின. அந்த மாதிரி நேரத்தில் பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது, எந்த மாடி நனையாது, எந்தச் சந்தில் எழுந்து நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார் என்று தெரிந்தவர்கள்தான் முதலில் வேண்டும். கல்கல் சுருட்டிய பாயிலும் கேரல் போன தெருக்களிலும் சேர்ந்த அறிவு அது.

கடையில் பிளாஸ்டிக் ஸ்டார் மடித்த நிலையில் கிடைக்கிறது. பிரித்து மாட்டினால் இரண்டு நிமிஷ வேலை. ரெடிமேட் குடில், பாக்கெட் அச்சு முறுக்கு, டெலிவரி கேக் எல்லாம் உண்டு. இரண்டு ஷிப்டு பார்க்கும் வீட்டில் அவற்றை வாங்குவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விலை கொடுத்து வாங்கிய ஸ்டாருக்கு ஐந்தாவது குச்சி கிடையாது, பிடித்துக்கொள்ள இன்னொருவரைக் கூப்பிட வேண்டிய தேவையும் அதோடு போய்விடுகிறது. இந்த இழப்பு தெரிந்துதானோ என்னவோ, வீட்டுக்கு வாங்கி மாட்டினாலும் தெருமுனைப் பெரிய ஸ்டாரை மட்டும் கையால் கட்டுகிற தெருக்கள் இருக்கின்றன.

மூன்று அரசர்கள் திருநாள் முடிந்ததும் பிரிக்கும் வேலை. கேழ்வரகுப் புல் அதற்குள் பழுத்துச் சாய்ந்திருக்கும். ஆட்டுக்கோ மாட்டுக்கோ போகும். சுரூபங்களில் ஒட்டிய மண்ணைத் துடைத்து, உடைந்த சம்மனசின் இறக்கையைப் பசை வைத்து ஒட்டி, தாள் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள். அச்சைக் கழுவாமல் எண்ணெய்ப் பிசுக்கோடு துணியில் முடிவார்கள், அடுத்த வருஷம் புதிதாகப் பழக்க வேண்டாம் பாருங்கள். ஸ்டாரின் காகிதத்தை மட்டும் கிழித்தெடுத்துக் கூட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். முறிந்த குச்சி இருந்தால் அது ஒரு வாரத்தில் வரும் போகிக்கு. முறியாத கூடு பரணுக்கு.